உண்டு, இல்லை, ஒரு மாதிரி

எங்கள் கட்டடத்துக்கு லிஃப்ட் வந்த நாளிலிருந்து எனக்குச் செய்திப் பஞ்சம். கதவு திறக்கிறது, மூடுகிறது, மனிதர்கள் வாயைத் திறக்காமலே மூன்றாம் மாடிக்குப் போய்விடுகிறார்கள். படிக்கட்டு ஆண்ட காலத்தில் அப்படியா? தரைத்தளத்தில் என் வாசலுக்கு எதிரேதான் முதல் படி. ஏறப்போகிறவர்கள் அங்கே நின்று ஒரு பெருமூச்சு விடுவார்கள். இறங்கி வந்தவர்கள் இன்னொன்று விடுவார்கள். பெருமூச்சு விடுகிறவர்களைப் பார்த்து "என்னாச்சு?" என்று கேட்காமல் இருக்க நான் என்ன கல்லா? முதுகுக்குப் பின்னால் எனக்கு 'வானொலி அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. எனக்கா தெரியாது?

அந்தப் படிக்கட்டுக் காலத்திலும் ஒரு வருஷம் தனி. இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. எங்கள் கட்டடத்திலும் பக்கத்து இரண்டு கட்டடங்களிலுமாகப் பத்துப் பெண்கள் ஒரே சமயத்தில் வாயும் வயிறுமாக இருந்தார்கள். தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று டீச்சரின் மாமனார் ஆள் வைத்து மொட்டைமாடித் தொட்டியைக் கழுவினார். கழுவிய மறு மாதம் டீச்சருக்கே நாள் தள்ளிப்போய்ப் பதினொன்று ஆனது.

அப்போதுதான் நீலப் பையும் எடை பார்க்கும் கருவியுமாக ஒரு நர்ஸ் வந்து சேர்ந்தாள். "வீட்டுல எத்தன பேரு?" என்று ஆரம்பித்தாளா, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று நினைத்து ஆளாளுக்கு வயதைக் குறைத்துச் சொன்னோம். நான் ஆறு குறைத்தேன். விஷயம் வேறு என்று தெரிந்தபிறகும் அவளுக்குக் 'கணக்கெடுப்பு' என்ற பெயரே நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி. சில கர்ப்பிணிகளுக்கு ஐந்தாறு மாதத்துக்கு மேல் ரத்த அழுத்தம் சத்தமே இல்லாமல் ஏறிவிடுகிறது. தெரியவரும்போது தாயும் பிள்ளையும் ஆபத்தில் இருப்பார்கள். அதற்கு முன்னாலேயே உடம்பு ஏதாவது சொல்கிறதா, வீட்டு வாசலில் வைத்துக் கேட்டே அதைப் பிடித்துவிட முடியுமா என்று ஐந்நூறு பெண்களிடம் பார்த்து எழுதப்போகிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை நர்ஸ் வருவாள். எடை, பிரஷர், சிறுநீர்ச் சோதனை, பிறகு கேள்விகள். விருப்பம் இருந்தால் சேரலாம், பிடிக்காவிட்டால் எந்த நாளும் விலகலாம்.

"எங்க வச்சுப் பாக்கறதுன்னுதான் தெரியல," என்றாள். அவள் வாய் மூடுவதற்குள் "என் முன்னறை இருக்கே" என்று சொல்லிவிட்டேன். பெரிய மனசு என்று ஊரே மெச்சியது. நானும் மறுக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைகளை நினைத்தால் இன்றைக்கும் மூக்கில் ஸ்பிரிட் வாசனை வருகிறது. மத்தியானம் மூன்று மணிக்கு, படிக்கு ஒருத்தியாகப் பதினோரு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். செருப்புகள் கீழே குவிந்து கிடக்கும். யார் கால் அதிகம் வீங்கியிருக்கிறது என்று நீட்டி நீட்டி ஒப்பிட்டுக்கொள்வார்கள். இரட்டைப் பிள்ளை சுமந்தவளுக்கு மட்டும் அகலமான கடைசிப் படி. "ரெட்டை டிக்கெட்டுக்கு ரெட்டை சீட்டு" என்று பல் டாக்டரின் மருமகள் சொல்ல, மொத்தப் படிக்கட்டும் சிரிக்கும். சிரித்தால் விலா பிடித்துக்கொள்கிறது என்று ஒருத்தி திட்டுவாள். அதற்கும் சிரிப்பு.

உள்ளே போனால் நிலைமை வேறு. "உள்ள பேசறது வேற யார் காதுலயும் விழக் கூடாது அக்கா, விதி," என்று நர்ஸ் என்னைச் சமையலறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவாள். நான் குழாயை மூடுவேன். ரேடியோவை அணைப்பேன். சொட்டுகிற குழாய்க்குக் கீழே துணி போடுவேன். பிறகு கதவோரம் நின்றுகொள்வேன்.

ஒரு நாள் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "அக்கா, சமையல்கட்டுல ஒரு சத்தத்தையும் காணோமே?"

"யோசிச்சிட்டு இருக்கேன்."

"என்ன யோசனை?"

"என்ன சமைக்கலாம்னு."

"மணி நாலு ஆகுது."

"நாளைக்கு."

கேள்விகள் எனக்கு மனப்பாடம். "தலைவலி? கண் மங்கல்? முகவீக்கம்? வலி?" என்று நர்ஸ் ராகம்போல் இழுப்பாள். "இல்ல, இல்ல, இல்ல, இல்ல" என்று எதிர்ப்பாட்டு வரும். அச்சடித்தபடியேதான் கேட்க வேண்டுமாம். ஒரு சொல் கூட்டினாலும் ஆராய்ச்சி கெட்டுவிடும், குறைத்தாலும் கெட்டுவிடும். ஐந்நூறு பேரிடமும் ஒரே மாதிரி கேட்டால்தான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும் என்று ஆராய்ச்சியை நடத்திய பெரிய டாக்டரம்மாவின் கட்டளை. தலைவலிக்கு ஒன்றிரண்டு 'உண்டு' விழும். முகவீக்கத்துக்கும் விழும். கடைசிக் கேள்வியான வலிக்கு மட்டும் பதினோரு பேருக்கும், எந்தச் செவ்வாயும், 'இல்லை'தான். இப்படி வலியே அறியாத கர்ப்பிணிகளை எந்தத் தெருவிலும் பார்த்ததில்லை என்று டாக்டரம்மா சொன்னாராம். பிறகு அதே பெண்கள் வெளியே வந்து, "இடுப்பு விட்டுப்போச்சு", "முதுகுல கடப்பாறைய வச்ச மாதிரி இருக்கு" என்று படிக்குப் படி நின்று புலம்புவார்கள். எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. அதில் ஒரு விஷயம் இருக்கிறது என்று அப்போது உறைக்கவில்லை.

இனி நாற்பத்தொன்று. ஆராய்ச்சியில் பெயர் கிடையாது, எண்தான். நாற்பத்தொன்று எங்களுக்குத் 'தையல்'. இரண்டாம் மாடி. குடிவந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், போனால் ஐந்து நாள், ஆறு நாள். இவள் நாள் முழுக்க மெஷினை மிதிப்பாள். என்ன கேட்டாலும் நாலு வார்த்தைக்கு மேல் வராது. என் ஆயுளில் நான் தோற்ற ஒரே இடம் அவள் வாய்தான். தெருவுக்கே தைத்துக் கொடுத்தவள், தன் பிள்ளைக்கு ஒரு முழத்துணி வெட்டவில்லை. டீச்சர் எட்டு ஜோடி வாங்கிவிட்டாள், பல் டாக்டரின் மருமகள் தொட்டிலுக்குக் குஞ்சம் வரை கட்டிவிட்டாள். "உனக்கு எப்ப தைக்கப்போற?" என்று கேட்டேன். "வரட்டும்கா," என்றாள். கஞ்சத்தனம் என்று முடிவுகட்டி நாலு பேரிடம் சொல்லியும்விட்டேன்.

எட்டாம் மாதம் அவளுக்கு. அந்தச் செவ்வாய் பிரஷர் நூற்று முப்பத்தெட்டுக்கு எண்பத்தெட்டு. நூற்று நாற்பதுக்கு ஏறினால், அல்லது கேள்விகளில் ஒன்றுக்கு 'உண்டு' வந்தால் உடனே ஆஸ்பத்திரி. அவள் இரண்டு புள்ளி கீழே நின்றாள். நாலு கேள்விக்கும் 'இல்ல'. "சரி, இன்னும் ரெண்டு வாரம்," என்றாள் நர்ஸ்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். தையல் படி இறங்கி வந்தாள். வந்தாள் என்பதா? மூன்று படிக்கு ஒரு தடவை நின்றாள். கை வலது விலாவுக்குக் கீழே அழுத்திப் பிடித்திருந்தது. முகம் உப்பி, கண் இடுங்கி, எனக்கே சட்டென்று ஆள் தெரியவில்லை.

"என்னடி, வலியா?"

"ஐயோ அக்கா, வாயைக் கழுவுங்க!" அவள் அத்தனை சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "வலியெல்லாம் இல்ல. கேஸ்தான். சோடா வாங்கப் போறேன்."

"எங்க இருக்கு?"

"இங்க. ஒரு மாதிரி இருக்கு. கல்ல உள்ள வச்சு அமுக்கற மாதிரி. முந்தாநாள்லேருந்து."

"முந்தாநாள் செவ்வாய்க்கிழமை. நர்ஸ்கிட்ட சொல்லலியா?"

"அவங்க வலி இருக்கான்னு கேட்டாங்க. வலி இல்லியே."

அவள் கை வைத்திருந்த இடம் சாதாரண இடமில்லை என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொன்னால் என் வண்டவாளம் வெளியே வரும், பரவாயில்லை. போன மாதம் நர்ஸ் கைகழுவப் போன நேரத்தில் கட்டிலில் அவளுடைய தடித்த வழிகாட்டிப் புத்தகம் விரிந்து கிடந்தது. கடலை மடித்த காகிதத்தையே பிரித்துப் படிக்கிறவள் நான், விடுவேனா? அதில் எழுதியிருந்தது: வலது விலா எலும்புக்குக் கீழே, மேல்வயிற்றில் வலி. உடனே அனுப்பவும். ஆனால் நர்ஸ் கையிலிருந்த ஃபாரத்தில் கட்டம் சின்னது. அத்தனையும் எழுத இடமில்லாமல் யாரோ ஒரு புண்ணியவான் 'வலி' என்று மட்டும் அச்சடித்துவிட்டான்.

வயிற்றில் பிள்ளை இருக்கிறவளிடம் வலி என்றால் எங்கள் பேச்சில் அது ஒன்றே ஒன்றுதான். வலி வந்துவிட்டது, வலி எடுத்துவிட்டது, வண்டியைக் கூப்பிடு. மற்றதெல்லாம் வலியே இல்லை. இடுப்பு கடுக்கும், முதுகு பிடிக்கும், கால் உளையும், நெஞ்சு கரிக்கும், விலா குத்தும், வயிறு ஒரு மாதிரி இருக்கும். எட்டாம் மாதத்தில் "வலி உண்டா?" என்று கேட்டால் எந்தப் பெண் உண்டு என்பாள்? எட்டு வாரமாகப் பதினோரு பேரும் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொன்னார்கள்.

அவளைப் பிடித்து என் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, ஆராய்ச்சி அட்டையிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். நர்ஸ் எடுக்கவில்லை. டாக்டரம்மாவே எடுத்தார்.

"நாற்பத்தொன்றாம் நம்பருக்கு விலாவுக்குக் கீழ அமுக்குதாம்," என்றேன்.

"நீங்கள் பங்கேற்பாளரா?"

"இல்லைங்க."

"உறவினரா?"

"கீழ் வீடு."

"விலாவுக்குக் கீழே என்பது முக்கியம் என்று உங்களுக்கு யார் சொன்னது?"

"உங்க புத்தகம்."

"அது நர்ஸ்களுக்கு மட்டும் உரியது. சரி, செவ்வாய்க்கிழமை வலி இல்லை என்று பதிவாகியிருக்கிறதே?"

"இல்லன்னு அவ சொன்னத நானும் கேட்டேன்."

"யாரிடம் கேட்டீர்கள்?"

"கதவுகிட்ட."

பிறகு அந்தப் புத்தகத் தமிழ் காணாமல் போய், "உடனே கூட்டிட்டு வாங்கம்மா. நடக்க விடாதீங்க," என்று வந்தது.

தையல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழ மறுத்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போனா எடுத்துடுவாங்க."

"எதை?"

வயிற்றைக் காட்டினாள். "இன்னும் நாள் இருக்கு. உள்ளயே இருக்கட்டும்."

"பிரஷர் மட்டும் பாத்துட்டு வந்துடலாம். வலின்னு நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், போதுமா?"

"சத்தியமா?"

"என் வாய்மேல சத்தியம்."

என் வாயை நம்பி ஒருத்தி எழுந்தது அதுதான் முதல் தடவை.

டாக்சியில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது சிக்னலில் வண்டி நின்றபோது, கண்ணில் பூச்சி பறக்கிறது என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே சொன்னாள். "போன தடவையும் இப்படித்தான். ஏழாம் மாசம். வலிக்குதுன்னு சொன்னேன். சொன்ன அன்னிக்கே எடுத்தாங்க. பையன். ரெண்டு நாள் இருந்தான்."

நர்ஸ் முதல் நாள் "முந்தைய கர்ப்பம்?" என்று கேட்டபோது "இல்ல" என்று இவள் சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது. இரண்டு வருஷம் என் தலைக்கு மேலே மெஷின் மிதித்தவள். யார் வீட்டுப் பால் எப்போது திரிந்தது என்றுகூட அறிந்த எனக்கு இது தெரியாது. கஞ்சத்தனம் என்று நாலு பேரிடம் சொன்னேனே, அந்த நாலு பேரின் முகமும் வரிசையாக வந்து போனது.

"அந்த வார்த்தைய சொன்னாத்தான் அக்கா வருது," என்றாள்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் சக்கர நாற்காலியுடன் நின்றிருந்தாள். ஆராய்ச்சி அறை இரண்டாம் மாடியில், எக்ஸ்ரேவுக்கும் ஸ்டோர் ரூமுக்கும் நடுவே, சுவர் தெரியாமல் கோப்புகள் அடுக்கிய ஒரு பொந்து. அங்கெல்லாம் போக நேரமில்லை. நடைபாதையிலேயே கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். பாதரசம் ஏறியது, ஏறியது. நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து. நர்ஸின் காது மடல் வெளுத்ததை நான் பார்த்தேன்.

நான் அவளை ஓரமாக இழுத்து, "இது ரெண்டாவது. முதல் பிள்ளைக்கும் இதேதான். ஏழாம் மாசம்," என்றேன். வலி என்ற வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. மற்ற ரகசியத்தை ஒரு நிமிஷம்கூட வைத்திருக்கவில்லை. வைத்திருக்கவும் கூடாது, அப்போது.

அன்று மாலையே அறுவை சிகிச்சை செய்து பிள்ளையை எடுத்துவிட்டார்கள். அழுத்தம் ஈரல் வரை போய்விட்டதாம், இன்னும் இரண்டு நாள் சோடாவைக் குடித்துக்கொண்டு இருந்திருந்தால் யாருமே மிஞ்சியிருக்க மாட்டார்கள் என்று நர்ஸ் பிறகு சொன்னாள். பெண் குழந்தை. ஒரு கிலோ எண்ணூறு. தாய் நாலு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தாள். லாரிக்காரர் மறுநாள் வந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடைபாதையின் நடுவில் நின்றார். இடப்பக்கம் பெண்டாட்டி, வலப்பக்கம் பிள்ளை. குழந்தை பத்தொன்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. நான் தினமும் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பதைக் காதால் கேட்க முடியாத கொடுமையை அங்கேதான் அனுபவித்தேன். ஒவ்வொரு நாளும் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்பார் லாரிக்காரர்: "அக்கா, மூச்சு விடுதுங்களா?" நான் மேலும் கீழும் அசைகிற அந்த உள்ளங்கையளவு நெஞ்சை எண்ணிச் சொல்வேன்.

அடுத்த வாரம் டாக்டரம்மாவே என் முன்னறைக்கு வந்தார். கட்டிலில் உட்கார்ந்து, "உங்கள் தெருப் பெண்கள் எதையெல்லாம் எப்படிச் சொல்வார்கள், சொல்லுங்கள்," என்று பேனாவைத் திறந்தார். வாழ்க்கையில் என்னைப் பேசச் சொல்லிக் கேட்ட ஒரே ஆள். கடுப்பு, உளைச்சல், கரிப்பு, குத்தல், பிடிப்பு என்று ஒன்றரை மணி நேரம் பேசினேன். நர்ஸ் பக்கத்தில் நின்று, "கதவுகிட்ட கேட்டதுக்கு விதிப்படி உங்க மேல புகார் எழுதணும்கா," என்றாள். "எழுதேன்," என்றேன். "எழுதலாம். ஃபாரத்துல அதுக்குக் கட்டம் இல்ல," என்றாள்.

அதன்பிறகு கேள்வி மாறியது. "எங்கேயாவது ஒரு மாதிரி இருக்கா? கை வச்சுக் காட்டுங்க." மீதிப் பத்துப் பேரில் நாலு பேர் விலாவுக்குக் கீழே கைவைத்தார்கள். நாலு பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரட்டைக்காரிக்கு உண்மையாகவே ஏறியிருந்தது, நேரத்தில் பிடித்துவிட்டார்கள். மற்ற மூன்று பேருக்கும் வாயு. வாயுவுக்காக வெயிலில் அலையவைத்தேன் என்று பல் டாக்டரின் மருமகள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தபோது அதில் பதினான்கு பேர் பெயர் இருந்ததாம். என் பெயர் இல்லை. அதற்காக நான் வருத்தப்படவில்லை, ஏழெட்டு வருஷம் தவிர.

கடைசிச் சந்திப்பு பிரசவமாகி நாற்பத்திரண்டாம் நாள். அன்று முன்னறையில் நானும் இருந்தேன். குழந்தையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று தையலே சொல்லிவிட்டாள். குழந்தைக்குப் போட்டிருந்த சட்டை அவள் தைத்தது. கழுத்து கொஞ்சம் பெரிது, வளர்ந்தாலும் போடலாம் என்று. நர்ஸ் வரிசையாகக் கேட்டாள். தாய்? நலம். குழந்தை? என் தோளில் கிடந்தது தொண்டை கிழியக் கத்தியது. "இதுக்குக் கேள்வியே வேணாம்," என்று நர்ஸ் குறித்துக்கொண்டாள்.

பிறகு முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். "முந்தைய கர்ப்பம்: இல்லை" என்ற இடத்தில் ஒரே ஒரு கோடு போட்டாள், அடியிலிருப்பது தெரியும்படி. மேலே 'ஒன்று' என்று எழுதிப் பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் வைத்தாள்.

"உயிரோட பிறந்துச்சா?"

"ஆமா."

"எத்தன நாள்?"

"ரெண்டு."

நர்ஸ் எழுதி முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, "பேரு வச்சிருந்தோம்," என்றாள் தையல். "அதுக்கு இடம் இருக்கா?"

நர்ஸ் ஃபாரத்தை ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "இதுல யாருக்குமே பேர் எழுத மாட்டோம்மா. நம்பர்தான்." பேனாவை மூடிக் கட்டில்மேல் வைத்தாள். "நீங்க சொல்லுங்க."

சொன்னாள். சின்னப் பெயர். இரண்டு வருஷத்துக்கு மேல் வாயில் வைத்திருந்ததால் முதல் தடவை சரியாக வரவில்லை. மறுபடியும் சொன்னாள். பிறகு என்னிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள்.

அந்தப் பெயரைக் கேட்டது நர்ஸும் நானும்தான். நர்ஸ் மாற்றலாகி எங்கேயோ போய்விட்டாள். நான் இந்தக் கட்டடத்தில் யாரைப் பற்றி யாரிடம் என்னென்ன சொல்லியிருக்கிறேன் என்பதற்கு அளவே இல்லை. இதை மட்டும் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. அவரும் இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டார்.